மூன்று ராணுவங்களின் உடுப்பு, ஒரே கொரியன்: 'மை வே' படம் சொல்வதில் எவ்வளவு உண்மை?

ஜெர்மன் ராணுவ உடுப்பு போட்ட ஓர் ஆசிய முகம். எதிரே ஓர் அமெரிக்க அதிகாரி அவனுடைய பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டிருக்கிறார். 1944-ல் பிரான்சில் எடுத்த இந்தக் கருப்பு வெள்ளைப் புகைப்படம் அவ்வப்போது வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் சுற்றி வரும், கூடவே "ஜப்பான், ரஷ்யா, ஜெர்மனி என்று மூன்று ராணுவத்திலும் போரிட்ட கொரியன்" என்று ஒரு குறிப்பும் வரும். 2011 டிசம்பரில் வெளிவந்த 'மை வே' என்ற கொரியப் படம் இந்தக் கதையிலிருந்துதான் கிளம்பியது. படம் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். இது உண்மைக் கதையா? ஒரு கொரியன் எதற்காக ஜப்பானுக்கும், பிறகு ரஷ்யாவுக்கும், கடைசியில் ஹிட்லருக்கும் துப்பாக்கி தூக்க வேண்டும்?

இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால்தான் முதல் கேள்விக்கே அர்த்தம் இருக்கிறது. அதனால் அடியிலிருந்து வருவோம். படத்தின் முடிவையும் பேச வேண்டியிருக்கிறது, இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

## கதை, சுருக்கமாக

இயக்குநர் காங் ஜே-க்யூ. கிம் ஜுன்-சிக் என்ற கொரியனாக ஜாங் டோங்-கன், ஹசெகாவா தட்சுவோ என்ற ஜப்பானியனாக ஜோ ஒடகிரி. 1928-ல், இன்றைய சியோலில் இருவரும் சிறுவர்கள். ஜுன்-சிக்கின் குடும்பம் தட்சுவோவின் தாத்தாவிடம் வேலை பார்க்கும் குடும்பம். இரண்டு பேருக்கும் ஓட்டப்பந்தயத்தில் வெறி, அதனால் முதல் நாளிலிருந்தே போட்டி. தாத்தா ஒரு குண்டுவெடிப்பில் சாக, போட்டி பகையாகிறது. ஜுன்-சிக் ரிக்‌ஷா இழுத்துப் பிழைக்கிறான். மராத்தான் தேர்வுப் போட்டியில் அவன் முதலாவதாக வந்தும் தகுதி நீக்கம் செய்கிறார்கள், பரிசு தட்சுவோவுக்குப் போகிறது, கலவரம் வெடிக்கிறது, தண்டனையாகக் கொரிய இளைஞர்களை ஜப்பானிய ராணுவத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து மங்கோலிய எல்லை, சோவியத் கைதி முகாம், மாஸ்கோவுக்கு அருகே ஒரு போர்க்களம், கடைசியில் 1944-ல் நேச நாட்டுப் படைகள் வந்து இறங்கிய பிரான்சின் நார்மண்டி கடற்கரை.

## அடிப்படை: யார் யாருடைய குடிமகன்?

1. 1910 ஆகஸ்டில் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதற்கு ஐந்து வருடம் முன்பே, ரஷ்யாவைப் போரில் தோற்கடித்த கையோடு, கொரியாவின் வெளியுறவு முழுவதையும் தன் பிடிக்குள் கொண்டுவந்திருந்தது. 1910-க்குப் பிறகு உலக வரைபடத்தில் கொரியா என்று ஒரு நாடு இல்லை. கொரியர்கள் சட்டப்படி ஜப்பானியப் பிரஜைகள், உரிமையில் மட்டும் இல்லை.

2. 1919 மார்ச்சில் விடுதலை கேட்டு நாடு முழுக்க மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜப்பான் அதை ரத்தத்தில் அடக்கியது. படத்தில் தாத்தா வீட்டுக்கு வரும் குண்டு இந்தப் பின்னணியில் வருவது, அதைத் தனிமனிதக் கோபமாகப் பார்க்கக் கூடாது.

3. 1937-ல் சீனாவோடு முழுப்போர் தொடங்கியதும் ஜப்பானுக்கு ஆள் தேவைப்பட்டது. 1938-ல் கொரியர்களுக்கென்று "சிறப்புத் தன்னார்வலர்" என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். பெயர்தான் தன்னார்வம். ஊர் அதிகாரிகளும் போலீசும் நெருக்கிக் கையெழுத்து வாங்கிய கதைகள் ஏராளம்.

4. 1940-ல் கொரியர்கள் ஜப்பானியப் பாணியில் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. 1944-ல் கட்டாய ஆள்சேர்ப்பே வந்துவிட்டது.

இந்த வரிசையை வைத்துப் பார்த்தால் படத்தில் ஒரு காலக்குழப்பம் தெரியும். கலவரம் செய்த கூட்டத்தை அப்படியே 1938-ல் போர்முனைக்கு அனுப்புவது அன்றைய நடைமுறையோடு பொருந்தாது. அந்த முதல் வருடத்தில் ராணுவம் எடுத்துக்கொண்ட கொரியர்கள் சுமார் 400 பேர்தான், அவர்களையும் பொறுக்கி எடுத்தார்கள், ஏனென்றால் கொரியன் கையில் துப்பாக்கி கொடுக்க ஜப்பானிய ராணுவத்துக்கே பயம். 1944-ல் நடந்ததை இயக்குநர் ஆறு வருடம் முன்னால் இழுத்து வைத்திருக்கிறார். இருபதுகளில் இருக்கும் தட்சுவோ கர்னலாக வந்து முகாமுக்குத் தலைமை ஏற்பதும் நம்ப முடியாதது. கதைக்கு வசதி, அவ்வளவுதான்.

## ஏன் மராத்தான்?

போர்ப் படத்துக்குள் எதற்கு ஓட்டப்பந்தயம் என்று பலருக்கும் தோன்றியிருக்கிறது. என்னைக் கேட்டால் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

1936 ஆகஸ்ட் 9, பெர்லின் ஒலிம்பிக். மராத்தானில் 2 மணி 29 நிமிடம் 19 விநாடியில் ஓடி ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றவர் சோன் கீ-சுங் என்ற கொரியர். ஆனால் அறிவிப்பில் வந்த பெயர் 'சோன் கிதெய்', நாடு ஜப்பான். அவருடைய பெயரை எழுதும் எழுத்துகளை ஜப்பானிய முறையில் உச்சரித்தால் வருவது அது. வெற்றி மேடையில் ஜப்பானிய தேசிய கீதம் ஒலித்தபோது அவர் தலை குனிந்து நின்றார், வென்றவருக்குக் கொடுத்த ஓக் மரக்கன்றை நெஞ்சோடு அணைத்துச் சட்டையில் இருந்த ஜப்பானின் சூரியக் கொடியை மறைத்துக்கொண்டார். மூன்றாவதாக வந்த நாம் சுங்-யோங்கும் கொரியர்தான், அவர் கையில் மறைக்கக் கன்று எதுவும் இல்லை. பெர்லினில் கையெழுத்து கேட்டு வந்தவர்களுக்கு சோன் கொரிய எழுத்தில் தன் பெயரை எழுதிக் கொடுத்தார்.

சியோலில் 'டோங்-ஆ இல்போ' நாளிதழ் வெற்றிப் புகைப்படத்தை வெளியிட்டபோது அவர் நெஞ்சில் இருந்த கொடியை அழித்துவிட்டு அச்சடித்தது. ஆட்களைக் கைது செய்தார்கள், பத்திரிகையைச் சுமார் ஒன்பது மாதம் முடக்கினார்கள். ஒரு புகைப்படத்தில் ஒரு வட்டம் காணாமல் போனதற்கு ஒரு பேரரசு இவ்வளவு பதறியது.

படத்தில் சோன் கீ-சுங் ஒரு பாத்திரமாகவே வருகிறார், ஜுன்-சிக்கின் லட்சியமே அவரைப் போல ஆவதுதான். அலுவலகம், நீதிமன்றம், ராணுவம், பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் அன்றைய கொரியன் ஜப்பானியனுக்குக் கீழேதான். ஓடுபாதையில் மட்டும் கடிகாரத்துக்கு இனம் தெரியாது. அங்கே ஒருவன் முந்திவிட்டால் முந்தியதுதான். அதனால்தான் தேர்வுப் போட்டியில் நடக்கும் தகுதி நீக்கம் அவ்வளவு பெரிய கலவரமாக வெடிக்கிறது. மிச்சமிருந்த ஒரே சமமான இடத்தையும் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

## நோமொன்ஹான்: பலருக்கும் தெரியாத போர்

படத்தின் முதல் பெரிய போர்க்காட்சி இரண்டாம் உலகப்போர் என்று நினைத்தால் குழம்பிவிடுவீர்கள். இது அதற்கு முந்தியது. சீனாவின் வடகிழக்கில் மஞ்சுகுவோ என்ற பொம்மை அரசை ஜப்பான் வைத்திருந்தது. பக்கத்தில் சோவியத் ஆதரவு மங்கோலியா. எல்லை கல்கின் கோல் ஆற்றோடு போகிறதா, அதற்குக் கிழக்கே நோமொன்ஹான் கிராமத்தை ஒட்டிப் போகிறதா என்ற தகராறு 1939 மே மாதத்தில் மோதலாகி, செப்டம்பர் வரை நீண்டது. சோவியத் பக்கம் தளபதி ஜார்ஜி ஷூக்கோவ், பிற்பாடு பெர்லினைப் பிடித்த அதே ஷூக்கோவ். ஆகஸ்ட் 20-ல் டாங்கிகளை இரண்டு பக்கமும் சுற்றி அனுப்பி ஜப்பானின் 23-வது டிவிஷனை வளைத்து நொறுக்கினார். பெட்ரோல் நிரப்பிய பாட்டில்களோடு ஜப்பானிய வீரர்கள் டாங்கிகளை நோக்கி ஓடியது உண்மை. படம் அதை வெடிகுண்டு கட்டிக்கொண்டு ஓடும் தற்கொலைப் படையாக ஊதிப் பெரிதாக்கியிருக்கிறது.

இந்தத் தோல்வியின் விளைவு பெரியது. ஜப்பான் வடக்கே சைபீரியா பக்கம் போகும் ஆசையை ஓரம் கட்டிவிட்டு, 1941 ஏப்ரலில் சோவியத்தோடு நடுநிலை ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, தெற்கே திரும்பியது. மலேயாவும் சிங்கப்பூரும் பர்மாவும் அதன் பாதையில் வந்தது இந்தத் திருப்பத்தால்தான், இதில் நோமொன்ஹானுக்கு நல்ல பங்கு உண்டு.

இந்தப் பகுதியில் ஒரு காட்சியை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். ஜுன்-சிக் முகாமிலிருந்து தப்பிவிட்டான், நண்பர்களோடு வீடு திரும்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போது தூரத்தில் சோவியத் டாங்கிகள் வரிசையாக வருவதைப் பார்க்கிறான். முகாமில் இருப்பவர்கள் சாகப் போகிறார்கள், அதில் பாதிப் பேர் அவனை வதைத்தவர்கள். அவன் திரும்பி முகாமை நோக்கி ஓடுகிறான். மராத்தான் ஓடக் கற்ற கால்கள் முதன்முதலாகப் பரிசில்லாத காரியத்துக்கு ஓடும் இடம் இது.

## ஒரே ஆள் மூன்று உடுப்பு: நடக்கக்கூடியதா?

படிப்படியாகப் பிரித்துப் பார்ப்போம்.

1. ஜப்பானிய உடுப்பிலிருந்து சோவியத் கைதி. நடந்திருக்கலாம். நோமொன்ஹானில் இரு தரப்பும் கைதிகளைப் பிடித்தன, சண்டை முடிந்ததும் பரிமாற்றம் நடந்தது. ஜப்பானிய ராணுவத்தில் உயிரோடு பிடிபடுவதே பெரிய அவமானம். திரும்பி வந்த அதிகாரிகளைத் தற்கொலைக்குத் தள்ளினார்கள். அந்தப் பயத்தில் சிலர் சோவியத் மண்ணிலேயே தங்கிவிட்டார்கள்.

2. கைதியிலிருந்து செம்படை, அதாவது சோவியத் ராணுவ வீரன். இதுதான் சங்கிலியில் மெலிந்த கண்ணி. 1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்த பிறகு சோவியத்துக்கு ஆள் பஞ்சம் வந்தது, குலாக் என்ற கட்டாய உழைப்பு முகாம்களிலிருந்து லட்சக்கணக்கானவர்களை விடுவித்துப் போர்முனைக்கு அனுப்பினார்கள், அது உண்மை. ஆனால் அவர்கள் சோவியத் குடிமக்கள். 1939-ல் பிடித்த ஜப்பானியப் படைக் கைதியைச் செம்படையில் சேர்த்தார்கள் என்பதற்கு உறுதியான ஆவணம் வெளிவரவில்லை.

3. செம்படையிலிருந்து ஜெர்மன் உடுப்பு. இது தாராளமாக நடந்தது. ஜெர்மனி பிடித்த சோவியத் போர்க்கைதிகள் சுமார் 57 லட்சம் பேர், அதில் சுமார் 33 லட்சம் பேர் பசியிலும் குளிரிலும் நோயிலும் துப்பாக்கிச் சூட்டிலும் செத்துப்போனார்கள். அந்த முள்வேலிக்குள் நின்றுகொண்டு "ஜெர்மன் உடுப்பு போட்டால் சாப்பாடு உண்டு" என்று கேட்டவனிடம் கொள்கை பேச முடியாது. ஜார்ஜியர், ஆர்மீனியர், துர்க்கிஸ்தானியர், அசர்பைஜானியர், தாத்தார் என்று இன வாரியாக 'கிழக்குப் படைப்பிரிவுகள்' உருவானது இப்படித்தான்.

4. நார்மண்டியில் ஆசிய முகம். இதிலும் அதிசயம் இல்லை. கிழக்கு முனையில் இவர்களை நம்ப முடியாது என்று ஜெர்மனி பல பட்டாலியன்களை பிரான்சின் கடலோரக் காவலுக்கு மாற்றியது. நார்மண்டியில் அமெரிக்கர்கள் இறங்கிய யூட்டா கடற்கரையைக் காத்த 709-வது டிவிஷனோடு 795-வது ஜார்ஜியப் பட்டாலியன் இருந்தது. பிரான்சின் மேற்குக் கரையில், போர்டோ பக்கம் லக்கானோவில், சுபாஷ் சந்திர போஸ் திரட்டிய இந்தியப் படைப்பிரிவே ஜெர்மன் உடுப்பில் காவல் நின்றது.

ஆக ஒவ்வொரு படியும் தனித்தனியாக நடந்ததுதான், இரண்டாவது படியைத் தவிர. நான்கு படியையும் ஒரே ஆள் ஏறினான் என்பதற்குத்தான் சான்று வேண்டும்.

## அப்படியானால் அந்தப் புகைப்படத்தில் இருப்பவர் யார்?

தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். புகைப்படத்தோடு வந்த அமெரிக்க ராணுவக் குறிப்பே அவரை "ஜப்பானியர்" என்றுதான் சொல்கிறது. கொரியன் என்ற பேச்சு வேறு வழியில் வந்தது. நார்மண்டியில் இறங்கிய அமெரிக்கப் பாராசூட் படை அதிகாரி ஒருவர், ஜெர்மன் உடுப்பில் நான்கு ஆசியர்களைப் பிடித்ததாகவும் அவர்கள் கொரியர்கள் என்று தெரிந்ததாகவும் சொன்னதை, வரலாற்றாசிரியர் ஸ்டீஃபன் ஆம்ப்ரோஸ் 1994-ல் எழுதினார். அதில் யாருடைய பெயரும் இல்லை. புகைப்படத்தில் இருப்பவருக்குச் சொல்லப்படும் யாங் கியோங்-ஜோங் என்ற பெயரும், அவர் பிறகு அமெரிக்காவில் குடியேறி 1992-ல் இறந்தார் என்ற விவரமும் பின்னால் ஒட்டிக்கொண்டவை. கொரியத் தொலைக்காட்சி எஸ்.பி.எஸ். 2005-ல் இதைத் தேடி ஒரு ஆவணப்படம் எடுத்தது, அந்தப் பெயரில் அப்படி ஒருவர் இருந்தார் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடைக்கவில்லை. இருந்தும் பெயரோடும் பிறந்த வருடத்தோடும் கதை இன்னும் சுற்றுகிறது.

புகைப்படத்தில் இருப்பவர் கஜக்கோ உஸ்பெக்கோ கிர்கிஸோ ஆக இருக்க நிறைய வாய்ப்பு. சோவியத் கொரியராகவும் இருக்கலாம். 1937-ல் ஸ்டாலின் தூரக்கிழக்கில் வாழ்ந்த சுமார் 1,72,000 கொரியர்களை ஜப்பானிய உளவாளிகளாக இருப்பார்களோ என்ற சந்தேகத்தில் ரயிலேற்றிக் கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் அனுப்பினார். ஜப்பானிடமிருந்து தப்பி ரஷ்யாவுக்குப் போனவர்களையே ஜப்பானின் ஆட்கள் என்று தண்டித்தார்கள். இந்தக் கொடுமை பற்றி இன்னொரு படமே எடுக்கலாம்.

## பகை எப்போது நட்பாகிறது?

விமர்சகர்கள் பலர் "உணர்ச்சி போதவில்லை, இருவரும் திடீரென்று நண்பர்களாகிவிடுகிறார்கள்" என்றார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. உடுப்பு மாறும் வரிசையைக் கவனித்தால் படம் அதை நிதானமாகத்தான் கட்டியிருக்கிறது.

1. ஜப்பானிய உடுப்பில் தட்சுவோ கர்னல், ஜுன்-சிக் சிப்பாய். இங்கே நட்புக்கு வழியே இல்லை, ஒருவன் கையில் இன்னொருவன் உயிர்.

2. சோவியத் முகாமில் இருவரும் கைதிகள். ஜுன்-சிக்கின் கொரிய நண்பன் ஜோங்-டே அங்கே 'ஆன்டன்' என்று பெயர் மாற்றிக்கொண்டு கைதிகளுக்கு மேஸ்திரி ஆகிறான், அதிகாரம் கைக்கு வந்ததும் ஜப்பானியர்களை வதைக்கிறான். படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் இதுதான், கிம் இன்-க்வோன் பிரமாதமாகச் செய்திருக்கிறார். நேற்று அடி வாங்கியவன் இன்று அடிப்பவனாக மாற நாள் கணக்கில் ஆகாது என்பதைப் பயமாக இருக்கும் அளவுக்குக் காட்டிவிடுகிறார்.

3. சோவியத் உடுப்பில் மாஸ்கோ பக்கப் போர்க்களத்தில், பின்வாங்கும் வீரர்களை அவர்களுடைய அதிகாரியே சுடுகிறான். தட்சுவோ அதைப் பார்த்து உறைந்து நிற்கிறான். நோமொன்ஹானில் அவனும் அதையேதான் செய்தான். மன்னிப்பு, வசனம் எதுவும் இல்லை. ஜோ ஒடகிரியின் முகம் மட்டும்தான்.

4. ஜெர்மன் உடுப்பில் இருவருக்கும் பதவியும் இல்லை, பாஷையும் புரியாது. சுற்றிலும் அந்நியர்கள் இருக்கும்போது தன் பெயரைச் சரியாகக் கூப்பிடத் தெரிந்த ஒரே ஆள் பழைய எதிரிதான்.

சமமில்லாத இரண்டு பேருக்குள் உண்மையான போட்டி வராது, நட்பும் வராது. போர் இருவரையும் ஒரே மட்டத்துக்கு இறக்கிய பிறகுதான் இரண்டும் சாத்தியமாகிறது. படத்தின் வாதம் இதுதான் என்று நினைக்கிறேன், அதற்குத்தான் மூன்று உடுப்பும் தேவைப்பட்டது.

முடிவுக்கு வருவோம். நார்மண்டியில் சாகும் நேரத்தில் ஜுன்-சிக் தன் அடையாளத் தகட்டைத் தட்சுவோ கையில் கொடுத்து, இனி நீதான் ஜுன்-சிக் என்கிறான். ஜப்பானியன் என்று தெரிந்தால் அவனைக் கொன்றுவிடுவார்கள் என்ற பயம். 1948 லண்டன் ஒலிம்பிக் மராத்தானில் தட்சுவோ 'கிம் ஜுன்-சிக்' என்ற பெயரில் ஓடுகிறான். இங்கே ஒரு வரலாற்றுத் தகவல் தெரிந்தால் காட்சியின் கனமே மாறிவிடும். லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் அழைப்பு இல்லை, கொரியா தன் சொந்தப் பெயரில் பங்கேற்ற முதல் கோடை ஒலிம்பிக் அது. 1936-ல் ஒரு கொரியன் ஜப்பானியப் பெயரைச் சுமந்து ஓடினான், 1948-ல் ஒரு ஜப்பானியன் கொரியப் பெயரைச் சுமந்து ஓடுகிறான். கற்பனைதான், ஆனால் சோன் கீ-சுங்கின் கதை தெரிந்த கொரியப் பார்வையாளர்களுக்கு அது எங்கே போய்த் தைக்கும் என்று இயக்குநருக்கு நன்றாகத் தெரியும்.

## பிறகு ஏன் படம் விழுந்தது?

செலவு சுமார் 2,800 கோடி வோன், அன்றைக்குக் கொரிய சினிமாவிலேயே அதிகம். தியேட்டருக்கு வந்தவர்கள் சுமார் 21 லட்சம் பேர். இதே இயக்குநரின் 2004 படமான 'தேகுக்கி'யை ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அது கொரியப் போரில் சிக்கிய அண்ணன் தம்பி கதை, பார்த்தவர்கள் வீட்டுக் கதை. 'மை வே'யில் மனம் திருந்துவதும் வளர்வதும் ஜப்பானியன்தான். ஜுன்-சிக் முதல் காட்சியிலிருந்தே உத்தமன், கடைசி வரை உத்தமன். காலனி ஆட்சியின் காயம் ஆறாத நாட்டில் அதிகாரிக்கு ஒரு முழுப் பயணத்தையும் அடிமைக்கு வெறும் பொறுமையையும் கொடுத்தால் ஏற்பது கஷ்டம். எழுத்தில் நடந்த கோளாறு இது. போர்க்காட்சிகளின் பிரமாண்டத்தால் அதைச் சரிக்கட்ட முடியவில்லை.

## படம் தொடாத பக்கம்

ஆன்டன் பாத்திரத்தில் லேசாகத் தொட்டுவிட்டு இயக்குநர் விலகிப்போன ஒரு விஷயம் இருக்கிறது. 1942-ல் ஜப்பான் சுமார் 3,000 கொரிய இளைஞர்களைத் தென்கிழக்கு ஆசியாவின் போர்க்கைதி முகாம்களுக்குக் காவலாளிகளாக அனுப்பியது. சயாம்–பர்மா மரண ரயில் பாதையை ஒட்டிய முகாம்களிலும் அவர்கள்தான் நின்றார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் செத்து விழுந்த அதே பாதை. மேலே இருந்த ஜப்பானியனிடம் இவர்கள் அடி வாங்கினார்கள், கீழே இருந்த கைதியை அடித்தார்கள். கைதிகளின் நினைவில் பதிந்ததும் அடித்த கைதான்.

போர் முடிந்ததும் நேச நாடுகளின் நீதிமன்றங்கள் 148 கொரியர்களைப் போர்க்குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தன. பெரும்பாலானவர்கள் இந்தக் காவலாளிகள். 23 பேருக்கு மரண தண்டனையை நிறைவேற்றினார்கள். மீதிப் பேரில் பலர் டோக்கியோவின் சுகாமோ சிறையில் இருந்தபோது, 1952-ல் சமாதான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து கொரியர்களின் ஜப்பானியக் குடியுரிமை போய்விட்டது. இனி நாங்கள் ஜப்பானியர் இல்லையே, விடுங்கள் என்று வழக்குப் போட்டார்கள். குற்றம் செய்தபோது ஜப்பானியர்தானே என்று சொல்லி ஜப்பானிய உச்ச நீதிமன்றம் மறுத்தது. தண்டனை முடிந்து வெளியே வந்து, ஜப்பானிய வீரர்களுக்குக் கிடைக்கும் ஓய்வூதியத்தைக் கேட்டபோது, நீங்கள் வெளிநாட்டுக்காரர்கள் என்று பதில் வந்தது. ஊரில் அவர்களைத் துரோகி என்றார்கள். இவர்களும் கட்டாயத் திரட்டலுக்கு ஆளானவர்களே என்று தென்கொரிய அரசு ஏற்றுக்கொண்டது 2006-ல்தான், அதற்குள் பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.